லீராய்க்கு ஒரு வக்கீல்

மவுண்ட் ஹோப், ஒஹாயோ
10 ஏப்ரல் 2016

அன்புத் தம்பி எர்வினுக்கு,

இரட்சகரின் பெயரால் உனக்கும் டெனிஸுக்கும் அக்காவின் வாழ்த்து. இங்கே காலையில் உறைபனி, மதியம் நல்ல வெயில், துணியெல்லாம் காய்ந்துவிட்டது. நானும் மோஸும் சுகம். உன் முதுகுவலி தேவலையா? இந்த வயதிலும் கூரை மேல் ஏறுவதை நீ விடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

லீராய் சென்ற வாரம் வீட்டுக்கு வந்துவிட்டான். அக்டோபரில் மோட்டார் சைக்கிளில் போகும்போது கார் இடித்து ஆக்ரன் ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளை, குளிர்காலம் முழுக்க அங்கேயே கிடந்து, சக்கர நாற்காலியில் திரும்பி வந்திருக்கிறான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வலது மணிக்கட்டு கோணலாகக் கூடிவிட்டதென்று மறுபடி உடைத்துத் தகடு வைத்திருக்கிறார்கள். பேனா பிடிக்க முடியாது. அதனால் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு சொல் விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவான், எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"மாமா, எனக்கு ஒரு வக்கீல் வேணும். நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு, காரும் கோர்ட்டும் வேணாம்னு வாழற நம்ம ஜனங்க யாருக்கும் தெரியாது. ஹைவேல பெரிய போர்டுல பாக்ஸிங் கிளவுஸ் மாட்டிக்கிட்டு ஒருத்தர் முறைச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவரா? கொலம்பஸ்ல ஒரு இடம் இருக்கு மாமா. என்னை மாதிரிப் பசங்களுக்குக் கையாலேயே கார் ஓட்டக் கத்துத் தராங்க, ஒரு தொழில் கத்துத் தராங்க, தனியா இருந்து பழக்கறாங்க. ஆஸ்பத்திரியில என் பக்கத்துக் கட்டில் பையன் அங்கதான் போனான். என் ஆஸ்பத்திரிச் செலவைச் சபை ஏத்துக்கிச்சு. இதுக்கும் அவங்ககிட்ட கை நீட்ட மாட்டேன். இடிச்ச அம்மாவோட இன்ஷூரன்ஸ்ல இருந்துதான் வரணும். இல்லேன்னா சமையலறைக்குப் பக்கத்து அறைதான் எனக்கு, சாகற வரைக்கும்."

கடைசி வரி வேண்டாமே என்றேன். அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்றான்.

மோஸ் என்ன சொல்கிறார் என்று நீ கேட்பாய். சேணத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே சொன்னார்: "சபையில சேர்ந்தவன் கோர்ட்டுக்குப் போக மாட்டான். இவன் இன்னும் ஞானஸ்நானம் வாங்கல. இவன் முடிவு இவனோடது. நான் தடுக்கவும் மாட்டேன், கூட வந்து நிக்கவும் மாட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு கொட்டகைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறான்.

ஜெபத்துடன்,
அக்கா லொவீனா


டொலீடோ
16 ஏப்ரல் 2016

அன்பு அக்காவுக்கு, மருமகன் லீராய்க்கு,

நாங்கள் இருவரும் நலம். முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் பிரியமாகக் குடித்தனம் நடத்துகின்றன. மச்சானுக்கு என் வணக்கம். ஏற்றுக்கொண்டால் சொல்லு, இல்லாவிட்டால் விட்டுவிடு.

அக்கா, இதை லீராய்க்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

டேய், அந்த பாக்ஸிங்காரனை நான் ஏற்கெனவே கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பெண் எடுத்தாள், இன்னொருத்திக்கு மாற்றினாள், அவள் ஒரு பையனுக்கு மாற்றினாள். "முதல்ல கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, மத்ததை அப்புறம் பேசலாம்" என்கிறான் அவன். வக்கீல் குரலைக் கேட்க முடியுமா என்றேன். சிரித்தான். கேஸைப் பிடித்து வேறு யாருக்கோ தள்ளிவிடுகிற ஆட்கள் இவர்கள். அவன் வேண்டாம்.

எங்கள் கூரை வேலையில் விழுந்து எலும்பை உடைத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வழியில் எனக்குத் தெரிந்தது இது. உன் கேஸை யார் கையில் வைத்துப் பார்க்கப்போகிறாரோ அவர் முகத்தைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. பைக் கேஸ் நடத்தியிருக்கிறாரா, ஜூரி முன்னால் நின்று பேசியிருக்கிறாரா, இல்லை எல்லாவற்றையும் பாதியில் பேசி முடிக்கிறவரா என்று கேள். பைக்காரன் என்றாலே தறிகெட்டு வந்திருப்பான் என்று நினைப்பதற்கு ஊரில் ஆள் நிறைய. அந்த நினைப்பை உடைக்கத் தெரிந்தவர்தான் நமக்கு வேண்டும். நான் தேடுகிறேன். உன் மாமாவுக்குப் படிப்பு எட்டாங்கிளாஸ்தான், ஆனால் நச்சரிப்பதில் டாக்டர் பட்டம்.

கொலம்பஸ் எதற்கடா, இங்கேயே அதே மாதிரி ஒரு இடம் இருக்கிறது. முடித்துவிட்டு எங்களோடேயே இருந்துவிடு. டெனிஸ் நேற்றே குளியலறைக் கதவை அளந்துவிட்டாள், நாற்காலி நுழையாது, இடித்து அகலமாக்க வேண்டும் என்கிறாள். கீழ் அறை உனக்கு. ஜன்னலைத் திறந்தால் ஏரிக் காற்று வரும். கேஸ் முடிந்ததும் நீ யார் தயவிலும் இருக்க வேண்டாம்.

அன்புடன்,
எர்வின்


மவுண்ட் ஹோப்
29 மே 2016

அன்புத் தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபையில் அனைவரும் நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மழை நிற்கவில்லை, சோளம் விதைக்கத் தாமதம். ருபார்ப் செடி மட்டும் காடாக வளர்ந்து கிடக்கிறது. இந்த முறை சபை கூடுகை எங்கள் வீட்டில் என்பதால் சுவரெல்லாம் கழுவி, பாத்திரமெல்லாம் தேய்த்து, கையே விட்டுப்போயிற்று. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

நானும் மோஸும் அந்த மிஸஸ் கார்வரைப் போய்ப் பார்த்து வந்தோம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். காரைத் திருப்பும்போது லீராயைக் கவனிக்கவில்லையாம். நான் ரொட்டி சுட்டு எடுத்துப் போனேன். கதவைத் திறந்ததும் தரையில் உட்கார்ந்து அழுதாள். மோஸ் அவள் தோளைத் தொட்டு, "எங்களுக்கு உங்க மேல ஒண்ணும் இல்லம்மா" என்றார். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

இன்ஷூரன்ஸிலிருந்தும் ஒரு ஆள் வந்தார். மரியாதையான மனிதர், நான் சுட்ட ருபார்ப் பை பலகாரத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டார். அந்த அம்மாவுக்கு வேலை போய்விடுமோ என்று மோஸ் பயந்து, "எங்க பையன்தான் வேகமா வந்திருப்பான். அந்த வயசுல யாரு மெதுவா போறா" என்றார். அந்த ஆள் எழுதிக்கொண்டார்.

உன் கடிதத்தை லீராய்க்குப் படித்துக் காட்ட இன்னும் நேரம் வாய்க்கவில்லை. மாத்திரை போட்டதும் தூங்கிவிடுகிறான். டெனிஸ் எதையும் இடிக்க வேண்டாம் என்று சொல். அவளுக்கு எதற்கு வீண் சிரமம்?

ஜெபத்துடன்,
லொவீனா


டொலீடோ
4 ஜூன் 2016

அக்கா,

நலம். நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். மச்சான் அங்கே இருந்தாரா? பார்த்தாரா? பையன் வேகமாக வந்தான் என்று இவருக்கு யார் சொன்னது? ஊரார் குற்றத்தையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டால்தான் நம் ஆட்களுக்குத் தூக்கம் வரும். அந்த இன்ஷூரன்ஸ்காரன் நீ சுட்ட பையைச் சாப்பிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, அதே கையால் நம் பிள்ளை கேஸுக்குக் குழி வெட்டிவிட்டுப் போயிருக்கிறான். இனி யார் வந்தாலும் ஒரு வார்த்தை பேசாதீர்கள். காபி கொடு, பை கொடு, வாயை மட்டும் கொடுக்காதே.

சரி, நல்ல செய்தி சொல்கிறேன். மில்லர்ஸ்பர்க்கில் நம் நிலப் பத்திரமெல்லாம் எழுதிய வக்கீல் கில்பர்ட்டைப் போய்ப் பார்த்தேன். யோக்கியமான மனுஷன். "நிலம்னா என்கிட்ட வாங்க. இது என் கைக்கு அடங்காது, நான் எடுத்தா பையனைக் கெடுத்துடுவேன்" என்று சொல்லி ஒரு பெயர் கொடுத்தார். நோரா டெம்ப்ஸி. கேன்டனில் இருக்கிறார். அவரே ஒரு காலத்தில் பைக் ஓட்டியவர். நான் போய் உட்கார்ந்ததும் என்ன வேகம், யார் தப்பு என்று கேட்பார் என்று பார்த்தால், "அந்தப் பையனுக்கு என்ன ஆகணும்னு ஆசை?" என்றார். கையாலேயே கார் ஓட்ட ஆசை என்றேன் அக்கா.

மறுநாளே லீராய் அடிபட்ட முக்குக்குப் போயிருக்கிறார். கார்க்காரி உட்கார்ந்த உயரத்துக்குக் குனிந்து பார்த்திருக்கிறார். கூடவே தீவன ஆலைக்காரரையும் கண்டுபிடித்துவிட்டார். லீராய் பைக்கை ஒளித்து வைத்திருந்தது அவர் கொட்டகையில்தானே? பைக் சத்தம் மூன்று ஊருக்குக் கேட்டது, உங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் கேட்கவே இல்லை, அதை விடு. அவர் அன்றைக்கு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பையன் நிதானமாகத்தான் வந்தான், அந்த அம்மா சட்டென்று குறுக்கே திருப்பினாள் என்று சொல்லத் தயாராக இருக்கிறார். மச்சான் சொன்னதை இதை வைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்கிறார் நோரா.

ஆனால் லீராய்க்கு வயது வந்துவிட்டது. அவன்தான் கேட்க வேண்டும், அவன்தான் கையெழுத்துப் போட வேண்டும். நானோ நீயோ மச்சானோ போட முடியாது. காகிதம் இதனுள் இருக்கிறது. அவனிடம் கொடு. இடது கையால் கிறுக்கினாலும் போதுமாம்.

எர்வின்


மவுண்ட் ஹோப்
21 ஆகஸ்ட் 2016

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் இருக்கட்டும். இங்கே வெயில் தாங்கவில்லை. தக்காளி, பீன்ஸ் எல்லாம் பாட்டிலில் அடைத்தாயிற்று. டெனிஸுக்கு ஊறுகாய் கொடுத்தனுப்ப ஆசைதான், யாராவது அந்தப் பக்கம் வந்தால் பார்க்கிறேன்.

ஒரு சனிக்கிழமை ஆண்கள் எல்லாரும் கூடி வந்து லீராய்க்குச் சாய்வுப் பாதை கட்டினார்கள். காலை உணவு முடிந்து ஆரம்பித்தது, மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. வாசலிலிருந்து கொட்டகை வரை நாற்காலி தானாகப் போகிறது. பிஷப் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து குதிரைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்படிப்பட்ட ஜனங்களை விட்டு ஒருவன் எதற்காகப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை எர்வின். உன்னைச் சொல்லவில்லை.

மணிக்கட்டு இன்னும் சரியாகவில்லை. நீ அனுப்பியது பத்திரமாக இருக்கிறது.

லொவீனா


டொலீடோ
20 நவம்பர் 2016

அக்கா,

நானும் டெனிஸும் சுகம் என்று எழுதுகிறேன், வழக்கத்துக்காக.

வீட்டில் போன் கூடாதென்று நீங்கள் எல்லாரும் பொதுவாக முக்கில் வைத்திருக்கிற போன் கொட்டகையில் நான்கு தடவை சேதி விட்டேன். ஒருவரும் திருப்பிக் கூப்பிடவில்லை. பொறுக்க முடியாமல்தான் போன வியாழன் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பி வந்தேன். உங்கள் பாதை முனை வரைக்கும் வந்துவிட்டேன். அப்பா சாவுக்கு வந்தபோது மச்சான் சொன்னது காதிலேயே இருந்தது. "நீ வந்து போனா பசங்க மனசு கெடும் எர்வின், கொஞ்ச நாள் வராதே." அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

நீ துணிக்கூடையோடு வெளியே வந்தாய். என்னைப் பார்த்தாய். தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினாய். கையைக்கூடத் தூக்கவில்லை அக்கா நீ. நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன், என் வயதுக்கு அசிங்கம்.

இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். லீராய் என்ன சொல்கிறான்? அவன் ஏன் எழுதவே மாட்டேன் என்கிறான்? கடிதங்களைப் படித்துக் காட்டுகிறாயா இல்லையா?

எர்வின்


மவுண்ட் ஹோப்
8 ஜனவரி 2017

அன்புத் தம்பிக்கு,

புது வருஷம் உங்கள் இருவருக்கும் ஆசீர்வாதமாக இருக்கட்டும். பனி ஜன்னல் விளிம்பு வரை ஏறிவிட்டது. மோஸுக்கு இருமல். ஒரு பசு கன்று போட்டது, கன்று பிழைக்கவில்லை.

அன்றைக்கு உன்னை உள்ளே கூப்பிடாதது எனக்கு ஒன்றும் சுகமாக இல்லை. உலர்த்தின துணியெல்லாம் மறுபடி நனைந்து போகிற வரைக்கும் கயிற்றடியிலேயே நின்றேன்.

லீராயிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவன் வக்கீல் வேண்டாம் என்கிறான். "மாமாவைத் தொந்தரவு பண்ணாதேம்மா, எனக்கு இங்கேயே போதும்" என்றான். அவன் மனசு மாறிவிட்டது. சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து உலர்ந்த பீன்ஸ் உரிக்கிறான், பேசுகிறான், சில நாள் சிரிக்கிறான்.

நீ வீட்டை விட்டுப் போனபோது உனக்கும் இதே வயது. நான் ஒரு வருஷம் உன் தட்டை மேஜையில் வைத்துக்கொண்டே இருந்தேன். அம்மா எடுத்து எடுத்து உள்ளே வைப்பாள், நான் திரும்ப வைப்பேன். நீ நன்றாக இருக்கிறாய், எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தம்பி இல்லாமல் போனது போனதுதான். பெற்ற பிள்ளையையும் அப்படிக் கொடுக்க என் உடம்பில் தெம்பு இல்லை. இதற்கு மேல் கேட்காதே.

லொவீனா


டொலீடோ
12 மார்ச் 2017

அக்காவுக்கு,

மோஸ் மச்சானுக்கு இருமல் குறைந்ததா? தேனும் வெங்காயமும் கொடு.

நீ தட்டைப் பற்றி எழுதியதைப் பல முறை படித்தேன். அது எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த மாநிலத்தில் அடிபட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அக்டோபர் முதல் வாரம் தாண்டினால் எந்தக் கொம்பனாலும் ஒன்றும் செய்ய முடியாது, கதவு மூடிவிடும் என்கிறார் நோரா. தீவன ஆலைக்காரர் ஆலையை விற்றுவிட்டு மகனோடு இருக்க டென்னஸி போகிறார். போவதற்கு முன்னால் அவர் வாக்குமூலத்தை வாங்கி வைத்துவிட்டார் இந்த அம்மா. பையன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமலே இவ்வளவு செய்திருக்கிறார். இப்படி ஒரு வக்கீல் கிடைக்க ஜனங்கள் தவம் கிடக்கிறார்கள், நமக்குக் கிடைத்தும் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.

"நானே போய்ப் பார்க்கலாமா?" என்று அவரைக் கேட்டேன். "கூப்பிடாம நான் ஒருத்தர் வீட்டுப் படி ஏறக் கூடாது. அவனா கூப்பிடணும். ஒரு வரி எழுதினா போதும், மறுநாளே அவன் முன்னால உட்கார்ந்திருப்பேன்" என்றார்.

வேண்டாம் என்பது அவன் வார்த்தையாக இருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். அதை அவன் கையாலேயே எழுதட்டும். "வேண்டாம் மாமா" என்று இரண்டே சொல். இந்த வாரம் அவன் பெயருக்குத் தனியாகவும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். நோராவின் விலாசமும் அதில் இருக்கிறது. பாதை முனையில் இருக்கிற தபால் பெட்டி வரைக்கும் நாற்காலியில் அவனால் போக முடியாது என்று தெரியும். நீதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் அக்கா.

எர்வின்


மவுண்ட் ஹோப்
18 ஜூன் 2017

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலம். ஸ்ட்ராபெரி இந்த வருஷம் ஏராளம், பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பறித்துக்கொண்டு போனார்கள். மோஸ் புதுக் குதிரை வாங்கியிருக்கிறார், லாரியைக் கண்டால் மிரளுகிறது. டெனிஸுக்கு என் அன்பு.

ஒரு நல்ல செய்தி. லீராய் ஞானஸ்நான வகுப்பில் சேர்ந்துவிட்டான். பிஷப் எங்கள் வீட்டுக்கே வந்து அவனுக்குப் பாடம் சொல்கிறார். இலையுதிர் காலத்தில் சபையில் சேர்ந்துவிடுவான். சேர்ந்த பிறகு கோர்ட் பேச்சே கிடையாது, உனக்குத் தெரியாததா.

எங்களுக்காக ஜெபம் செய். உனக்கு அந்தப் பழக்கம் இன்னும் இருந்தால்.

லொவீனா


டொலீடோ
8 அக்டோபர் 2017

அக்காவுக்கு,

கெடு போன வாரம் முடிந்தது. நோரா கோப்பைக் கட்டிவைத்துவிட்டார். கட்டணம் எதுவும் வேண்டாம் என்றார். வாசல் வரைக்கும் வந்து, "நான் ஜெயிச்சிருப்பேன் எர்வின்" என்று மட்டும் சொன்னார். இப்படி ஒரு நல்ல ஆளைத் தேடிப் பிடித்தது எதற்கு என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

லீராய் இஷ்டம் அதுதான் என்றால் நான் யார் குறுக்கே நிற்க? அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வரி எழுதியிருக்கலாம். அது ஒன்றுதான் மனசில் நிற்கிறது. சின்னப் பயலாக இருந்தபோது என் டிரக்கில் ஏறி ஹாரனை அமுக்கிவிட்டு ஓடுவானே, அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு கல்மனசா?

டெனிஸ் கீழ் அறையில் தையல் மெஷினைப் போட்டுவிட்டாள்.

எர்வின்


மவுண்ட் ஹோப்
26 அக்டோபர் 2017

அன்புள்ள எர்வின் மாமாவுக்கு,

லீராய் எழுதிக்கொள்வது. நான் சுகம். நீங்களும் டெனிஸ் அத்தையும் சுகமாக இருக்கிறீர்களா? இங்கே சோள அறுவடை முடியப்போகிறது. அம்மா தையல் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள், அப்பா ஏலத்துக்குப் போயிருக்கிறார். வழக்கமாக என் கடிதத்தை அம்மாதான் கொண்டுபோய்ப் பெட்டியில் போடுவாள். இன்றைக்குப் பால் லாரிக்காரர் வந்தார், அவரிடமே கொடுத்துவிடலாம் என்று அவசரமாக எழுதுகிறேன்.

மாமா, நீங்கள் பதில் போடாததற்கு எனக்குக் கோபம் இல்லை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். முதல் கடிதத்தை அம்மா எழுதினாள். அந்தக் கோடைக்குள் கை சரியாகிவிட்டது, அப்புறம் நானே மூன்று கடிதம் எழுதினேன். ஒரு வருஷம் தினமும் தபால் வந்ததா என்று அம்மாவைக் கேட்பேன். "இல்லடா கண்ணா, மாமாவுக்கு அவர் சோலி ஆயிரம்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாவம், உங்கள் மேல் அவளுக்கு அவ்வளவு வருத்தம். ராத்திரி உங்கள் பெயரைச் சொல்லி அழுவதைக் கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் பாதை முனையில் ஏணி கட்டின வெள்ளை டிரக் வந்து நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீங்கள்தான் என்று தெரிந்துவிட்டது. கத்திக் கூப்பிட்டேன், கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு நான் வாசலுக்கு வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். நாற்காலியில் என்னைப் பார்க்க உங்களுக்குத் தைரியம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நிறையப் பேருக்கு வருவதில்லை மாமா.

அதற்கப்புறம் வக்கீல் எண்ணத்தை விட்டுவிட்டேன். வெளியே எனக்கு ஆள் என்றால் நீங்கள் ஒருத்தர்தான். அப்பா ஒருநாளும் தடுத்ததில்லை. "வக்கீல் என்னடா ஆச்சு?" என்று அவரே இரண்டு தடவை கேட்டார். நான்தான் ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு ஞானஸ்நானம் வாங்கினேன். மற்ற ஐந்து பேர் முழங்காலில் நின்றார்கள், நான் நாற்காலியில் இருந்தேன். இது உன் சொந்த விருப்பம்தானா என்று பிஷப் கேட்டார். ஆமாம் என்றேன். வேறே என்ன சொல்ல? இனி சபையை விட்டு வெளியே போனால் அம்மாவோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடக்கூட முடியாது. போகப் போவதும் இல்லை. சேணத்துக்குத் தையல் போடும் வேலை கற்றுக்கொள்கிறேன். அறை சூடாகத்தான் இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்று தோன்றியது. அப்போது நீங்கள் யாராவது ஒரு வக்கீலையாவது விசாரித்தீர்களா? இப்போது அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உங்கள் மருமகன்,
லீராய்


டொலீடோ
5 நவம்பர் 2017

அன்புள்ள லீராய்க்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் நலம். உன் கை தேறியது சந்தோஷம். எழுத்து உன் அம்மா எழுத்து மாதிரியே இருக்கிறது.

நீ முன்னால் எழுதின மூன்று கடிதங்களும் எனக்கு வந்தன. நான் பதில் எழுதவில்லை. இன்றைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். அப்புறம் எழுத வெட்கமாகிவிட்டது. அன்றைக்கு வந்து திரும்பிப் போனதும் நான்தான். நீ நினைத்தது சரி, எனக்குத் தைரியம் வரவில்லை. உன் அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. அவள் உனக்காக எனக்கு எழுதிக்கொண்டேதான் இருந்தாள்.

வக்கீல் யாரையும் நான் விசாரிக்கவில்லை. ஹைவே போர்டுக்காரனை ஒரு தடவை கூப்பிட்டேன், அதோடு விட்டுவிட்டேன். பைக் கேஸ் எல்லாம் ஜெயிப்பது கஷ்டம் என்று எல்லாரும் சொன்னார்கள். யார் வந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. அதை நினைத்து மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

உன் மாமா ஒரு உதவாக்கரை. மன்னித்துவிடு.

எர்வின் மாமா


(அதே உறையில், தனித் துண்டுத்தாளில்)

அக்கா,

எப்படியும் இது உன் கைக்குத்தான் முதலில் வரும், நீ பிரிப்பாய் என்று தெரியும். அவன் எழுதிய கடிதம் பால் லாரியில் வந்து சேர்ந்தது.

கீழ் அறை, ஏரிக் காற்று என்று முதல் கடிதத்திலேயே உளறியது நான்தான். அதைப் படித்த அன்றைக்கே நீ பயந்துவிட்டாய். அது எனக்கு இப்போது புரிகிறது. புரிகிறதே தவிர, மன்னிக்க முடியவில்லை. மிஸஸ் கார்வருக்கு ரொட்டி சுட்டு எடுத்துப் போனீர்களே, அந்த மனசு எனக்கு வரவில்லை. இனி வருமா என்றும் தெரியாது. உனக்கு நான் எழுதுவது இதுதான் கடைசி.

உண்மையை அவனுக்கு எழுத உட்கார்ந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவனைத் தூக்கி உட்காரவைக்க, துடைத்துவிட, கஞ்சி கொடுக்க அந்த வீட்டில் நீ இருக்கிறாய். நான் இல்லை. அவன் உன்னையும் வெறுத்துவிட்டால் அப்புறம் அந்த அறையில் அவனுக்கு யார்?

இந்தத் துண்டை அடுப்பில் போட்டுவிடு. கடிதத்தை அவனிடம் கொடு.

எர்வின்